சத்தமில்லாமல் இழுத்த வீடு

யெல்குவே தீவு, மேட்டுக்கரை
3 மார்ச் 1996

மகள் நெல்டாவுக்கு அம்மா எடுவினா எழுதுவது.

நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். கிழங்கு இந்த வருஷம் நன்றாக விளைந்தது, விறகும் கூரை மட்டம் வரை அடுக்கியாயிற்று. உன் இருமல் எப்படி? நண்டு ஆலையின் குளிரில் நிற்கும்போது நான் பின்னி அனுப்பிய காலுறையைப் போடுகிறாயா, அல்லது பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாயா?

உன் மகள் நலம் என்று ஒரே வரியில் எழுதத்தான் ஆசை. லுஸ்மிலாவுக்கு அடுத்த மாதம் பதினேழு முடிகிறது. சர்க்கரை வியாதி வந்து நாலு வருஷம். மருந்து கீழே கடற்கரை மருந்தகத்து ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். நர்ஸ் நோர்மா காலையிலும் மாலையிலும் அதை எடுத்துக்கொண்டு மேடேறி வருகிறாள். இவள் வேறு யார் கையிலும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டாள். போன வருஷம் நான் ஒருமுறை முயன்றேன். பகல் முழுக்கப் புதருக்குள் ஒளிந்துகொண்டாள்.

நோர்மா கையிலும் சும்மா இல்லை. உள்ளறை வடக்குச் சுவரில் பலகை நாற்பத்தாறு. வாசலிலிருந்து ஜன்னல் வரை ஒவ்வொன்றையும் வலது கையால் தொட்டுக்கொண்டே போவாள். கடைசிப் பலகையில் "ஆச்சு" என்பாள். பிறகு தானே கையை நீட்டுவாள். அந்தச் சுவர் இல்லையென்றால் ஊசி இல்லை. நகரத்து டாக்டர் இதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். பேர் சொல்லிவிட்டார், சுவருக்கு வழி சொல்லவில்லை. கீழே மருந்தகத்திலேயே தங்க வைத்துப் பார்த்தோமே, உனக்கு எழுதியிருந்தேன். மூன்று நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நோர்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, முட்டி தேய்ந்துவிட்டது. போன குளிர்காலத்தில் பாதை சேறாகி நாலு முறை அவளால் வர முடியவில்லை. நாலு முறையும் எந்தத் தேதி என்று நான் சொல்வேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்கார உலிசெஸ் எப்போதும் போல வாயைத் திறந்தான். "பொண்ணு கீழ வராதுன்னா வீட்டையே கீழ கொண்டுவந்துருவோம்" என்றான். சிரிப்பதற்காகச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எந்த வீட்டில் எத்தனை ஜோடி எருது என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஆக மிங்கா வைக்கப்போகிறோம். நம் வீடு அடிக்கட்டையிலிருந்து பெயர்ந்து, ஊரே இழுக்க, மருந்தகத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரப்போகிறது. மழைக்கு முன், ஏப்ரல் 27.

நான்தான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். நீ மறந்திருக்க மாட்டாய், வீட்டுக்காரி நேரில் போய் உட்கார்ந்து மாத்தேக் கஷாயம் குடித்துக் கேட்காமல் யாரும் மிங்காவுக்கு வர மாட்டார்கள். பதினோரு வீடு போய்விட்டேன். கால் வீங்கியிருக்கிறது, அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

காலுறையைப் போடு.
அம்மா


புந்தா அரேனாஸ்
24 மார்ச் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் குறைந்துவிட்டது. காலுறையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்கள் காலுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினீர்களா?

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். கையெல்லாம் நண்டு வாடை, கடிதத்திலும் ஏறிவிட்டது. வீடு கீழே போகும் என்று படித்ததும் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன். அவள் வடக்குப் பாலைவனத்துக்காரி, வீடு நடந்து போகுமா என்று கேட்டுச் சிரித்தாள். எங்கள் ஊரில் போகும் என்றேன்.

லுஸ்மிலாவை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது அம்மா. பலகை நாற்பத்தாறு என்பதே எனக்குத் தெரியாது. நான் இருந்தபோது அவள் ஜன்னல் கம்பியைத்தான் தொடுவாள்.

பொட்டலத்தில் பொத்தான்கள் அனுப்பியிருக்கிறேன், எல்லாம் ஒரே நீலம். வேறு நிறம் கலந்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன்.

ஒன்று கேட்க வேண்டும். மேட்டிலிருந்து இறக்கம் செங்குத்து. இறக்கத்தில் வீட்டைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிற பழக்கம் உள்ள எருதுகள் தீவில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு என்று அப்பா சொல்வார். சந்தாலியோ வீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா?

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்கள் மகள்
நெல்டா


மேட்டுக்கரை
10 ஏப்ரல் 1996

நெல்டாவுக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பொத்தான்கள் வந்தன. லுஸ்மிலா அவற்றை ஜன்னல் அடிச்சட்டத்தில் வரிசையாக வைத்திருக்கிறாள். நூற்றுப் பன்னிரண்டு. துடைப்பதற்கு நான் ஒன்றை நகர்த்தினேன், என் கையைப் பிடித்துத் திரும்ப வைக்கச் செய்தாள்.

ஊரில் எல்லோரும் அவளைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கதவை மூன்று தட்டு, பிறகு தன் பேர், அப்புறம்தான் உள்ளே. தோளைத் தொடக் கூடாது என்று பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உலிசெஸ் அவளைக் கண்டால் மிட்டாய் ஜாடியைக் கீழே மறைத்துவிட்டு வேர்க்கடலையை எடுத்து வைக்கிறான். புதன்கிழமை நான் நெசவுக்குப் போகும்போது பாடகர் குழுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். பேசாமல் உட்கார வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தண்டனை.

நீ ஒரு பேர் எழுதியிருந்தாய். அந்தப் பேர் இந்த வீட்டில் முப்பத்தைந்து வருஷமாக உச்சரிக்கப்படவில்லை. நீயும் வீட்டில் இருந்தாய், ஆனால் ஏழு வயது, அதனால் மறுபடி சொல்கிறேன்.

அறுபதில் கடல் எழுந்து வந்து கீழ்க்கரையைத் துடைத்துக்கொண்டு போனது. நம் வீடு மட்டும் சாய்ந்து நின்றது. அடுத்த மார்ச்சில் மேட்டுக்கு இழுத்தோம். முன்னால் அவன் ஜோடி. பாதி வழியில், அரயான் மரத்து வளைவில், அவன் நுகத்தைக் கழற்றினான்.  எருதுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வளைவில் பதினாலு உருளைக்கட்டை கிடந்தது. வேறு ஜோடி கிடைக்கும் வரை மூன்று நாள் வீடு சரிவிலேயே கோணலாக நின்றது. மூன்று நாளும் மழை. கூரை பிளந்திருந்தது. உன் தங்கை அல்பினாவுக்கு நாலு மாதம். நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, போய்விட்டாள். அவளுக்குப் போட்டிருந்த சட்டையில் மூன்று பொத்தான், ஒன்று உடைந்தது.

அவன் வாசலில் உட்கார்ந்து மாத்தே குடிக்கச் சொல்கிறாய்.

எட்டு ஜோடி சேர்ந்தாயிற்று. போதும்.

அம்மா


மேட்டுக்கரை
5 மே 1996

நெல்டாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இருமல் திரும்ப வராமல் பார்த்துக்கொள்.

மழை வந்துவிட்டது. மிங்காவைத் தள்ளி வைத்திருக்கிறோம். மழை நின்றதும் பார்க்கலாம். நோர்மா வழக்கம் போல வருகிறாள்.

கிழங்கு அனுப்புகிறேன். சாக்கில் அடியில் இருப்பவை விதைக்கிழங்கு, சாப்பிடாதே.

அம்மா


புந்தா அரேனாஸ்
26 மே 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். கிழங்கு வந்தது, தோலோடு அவித்துத் தின்றேன். நம் மண் வாசனை இருந்தது.

எங்கள் ஷிஃப்டில் எதிர்த் தீவுக்காரன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். ஏப்ரல் கடைசி வாரம் முழுக்க வெயில் அடித்தது என்றும், அவன் அம்மா வீட்டுக் கூரைக்கு மரஓடு மாற்றிவிட்டு வந்ததாகவும் சொன்னான். மழை மே மூன்றில்தான் தொடங்கியதாம்.

ஒருவேளை நம் தீவில் மட்டும் பெய்திருக்கும்.

லுஸ்மிலா எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் போன கடிதத்தில் எழுதவே இல்லை. எழுதுங்கள் அம்மா. அவளைப் பற்றி மட்டுமாவது எழுதுங்கள்.

நெல்டா


யெல்குவே தீவு, கடற்கரை மருந்தகம்
29 ஜூன் 1996

மரியாதைக்குரிய நெல்டா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் அம்மா எழுத மறுப்பதால் நான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லுஸ்மிலா உயிரோடு இருக்கிறாள்.

ஜூன் எட்டாம் தேதி புயல். ஓடைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நான் இரண்டு முறை முயன்றேன், இரண்டாவது முறை விழுந்து முட்டியில் அடி. இரண்டு நாள், நாலு ஊசி தவறியது. மூன்றாம் நாள் ஆண்கள் கயிறு கட்டி என்னை அக்கரை சேர்த்தபோது அவள் நினைவில்லாமல் கிடந்தாள். மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை. கதவுப் பலகையில் படுக்க வைத்து இறக்கினோம், படகில் நகரத்துக்குக் கொண்டுபோனோம். பதினாறு நாள் ஆஸ்பத்திரி. மூளையில் வீக்கம் வந்ததாகச் சொன்னார்கள். வலது கையும் காலும் வலுவிழந்துவிட்டன. காலில் கொஞ்சம் பலம் திரும்புகிறது. கையில் திரும்பவில்லை.

நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நேராக உள்ளறைக்குப் போனாள். முதல் பலகைக்கு முன்னால் நின்றாள். கை எழவில்லை. மாலை வரை அங்கேயே நின்றாள். அழவில்லை. கை எழாததால் "ஆச்சு" இல்லை. "ஆச்சு" இல்லாததால் ஊசிக்குக் கை நீட்டவில்லை. கடைசியில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நான் போட்டேன். பதினொரு வருஷமாக இந்தத் தீவில் வேலை பார்க்கிறேன், இப்படி ஓர் ஊசி போட்டதில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏப்ரல் 27 அன்று நல்ல வெயில். எட்டு ஜோடி எருதும் நூற்றுக்கு மேல் ஆட்களும் வந்தார்கள். இறக்கத்தில் பின்னால் பிடிக்கும் ஜோடி இல்லாமல் இழுத்தால் வீடு மாடுகள் மேலேயே ஓடிவிடும், உள்ளே அந்தப் பெண் வேறு, அவளோ வெளியே வர மாட்டாள் என்று எல்லோரும் உங்கள் அம்மாவிடம் சொன்னார்கள். சந்தாலியோ தன் வேலிக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். எருதுகளுக்கு நுகம் பூட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து நடுப்பகல் வரை நின்றார். வீட்டுக்காரி கேட்காமல் அவர் வர முடியாது. உங்கள் அம்மா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. பாலம் போனதற்கு உங்கள் அம்மா பொறுப்பில்லை.

வணக்கத்துடன்
நோர்மா


புந்தா அரேனாஸ்
14 ஜூலை 1996

அம்மா,

நோர்மா எழுதியிருந்தார்கள்.

டிசம்பருக்கு முன் விடுப்பு இல்லை என்கிறார்கள்.

அவளை ஊசிக்கு அமுக்கிப் பிடிக்கும் இரண்டு பேரில் நீங்கள் ஒருவரா?

நெல்டா


கீழ்க்கரை
22 செப்டம்பர் 1996

நெல்டாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மூன்று முறை பதில் எழுதி, மூன்றையும் அடுப்பில் போட்டேன். உன் கேள்விக்குப் பதில், ஆமாம். நான் கால் பக்கம்.

மேலே முகவரியைப் பார்த்திருப்பாய். வீடு இறங்கிவிட்டது.

எப்படி என்று ஒழுங்காகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 30 காலை லுஸ்மிலாவுக்கு ஊசி போட்டு முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள். அவள் யாரையும் நேராகப் பார்க்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். நான் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் வேலி வரை நடந்தேன்.

சந்தாலியோ நுகத்து வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். கிழடு தட்டிவிட்டது. எனக்கும்தான். எழுந்து நிற்கவில்லை, ஆனால் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"நான் குடிக்க வரல, கேக்க வந்தேன்" என்றேன்.

"கேக்கிறவ மொதல்ல குடிக்கணும். உக்காரு. சக்கர போட மாட்டேன், உங்க வீட்டுக்கு ஆகாது."

குடித்தேன். கைப்பு. அவனே பேசினான்.

"ஏப்ரல்ல விடிஞ்சதுலேருந்து நொகத்தைப் பூட்டிக்கிட்டு நின்னேன், எடுவினா. வாயத் தொறக்க வேணாம், கைய ஆட்டியிருந்தாப் போதும்."

"கேக்காமலே வந்திருக்கலாம்ல" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேக்காத வீட்டுக்கு மிங்காவுக்குப் போனா, அந்த வீட்டுக்காரிக்கு வாய் இல்லன்னு அர்த்தம். உனக்கா வாய் இல்ல?"

அப்புறம் அவன் அறுபத்தொன்றைப் பேசினான். அவன் அம்மா அன்றைக்கு வளைவில் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னான். நான் அவளைப் பார்த்துச் சொன்ன ஒன்றையும் சொன்னான். அதை இங்கே எழுத வேண்டாம். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அவன் வாரைத் தைக்க ஆரம்பித்தான். நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "என்னிக்கு?" என்றான்.

செப்டம்பர் 14, சனிக்கிழமை.

நோர்மா ஒரு வாரமாக வீடு வீடாகப் போய் ஒன்று சொல்லியிருந்தாள். கத்தக் கூடாது. நீ பார்த்த மிங்காவை நினைத்துப் பார், ஓட்டுகிறவர்கள் கூவுவார்கள், பெண்கள் கைதட்டுவார்கள், பிள்ளைகள் பின்னாலேயே ஊளையிடுவார்கள். கூச்சல் கேட்டால் லுஸ்மிலா தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். அதனால் அன்றைக்கு ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. சந்தாலியோ ஒரு கம்பில் வெள்ளைத் தலையணை உறையைக் கட்டிக்கொண்டான். உறை மேலே போனால் இழு. கீழே வந்தால் நில். எருதுகளுக்குக் காது பழகியிருந்தது, கண் பழகவில்லை, அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் ஒருவன் நின்று உறை எழும்போது மாட்டின் கழுத்தைத் தட்டினான். உலிசெஸ் தன்னை நம்பாமல் வாயில் ஒரு அவித்த கிழங்கை அடைத்துக்கொண்டு வந்தான். வளைவு தாண்டுவதற்குள் அதைத் தின்று தீர்த்துவிட்டு, கையை நீட்டி இன்னொன்று வாங்கினான்.

நூற்று அறுபது பேர். சங்கிலி உரசுகிற சத்தம், கட்டை உருள்கிற சத்தம், கீழே கடல். வேறு ஒன்றும் இல்லை. எனக்கு எழுபது வயது, அப்படி ஒரு சத்தமில்லாத கூட்டத்தை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

லுஸ்மிலா உள்ளேயே இருந்தாள். நோர்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். வீடு அசைந்ததும் லுஸ்மிலா ஓடி வந்துவிடுவாள் என்று பயந்தோம். வரவில்லை. முதல் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாளாம், இறக்கம் முடியும் வரை. ஜன்னலில் உன் பொத்தான்களை நான் பசை தடவி ஒட்டியிருந்தேன்.

அரயான் மரத்து வளைவில் சந்தாலியோ உறையை இறக்கினான். மாடுகள் மூச்சு வாங்க வேண்டும், வேறொன்றும் இல்லை. எல்லோரும் நின்றார்கள். அவன் பின்னால் இருந்தான், தன் ஜோடியோடு, வீட்டைப் பிடித்துக்கொண்டு. நான் பக்கவாட்டில் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றினான். திரும்பப் போட்டான். உறையைத் தூக்கினான்.

மூன்று மணிக்குக் கீழே வந்து சேர்ந்தோம். கடல் வந்து துடைத்த அதே இடம். குழியில் சிப்பியும் பன்றியும் வேக வைத்திருந்தார்கள். அங்கேயும் யாரும் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, தங்கள் பேரை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சந்தாலியோ சாப்பிடாமல் போய்விட்டான். முதல் தட்டை நான் அவனுக்குத்தான் வைத்திருந்தேன்.

லுஸ்மிலா இன்னும் முதல் பலகையில்தான் நிற்கிறாள்.

அம்மா


புந்தா அரேனாஸ்
20 அக்டோபர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் கீழே வந்த பிறகு குறைந்ததா?

நீங்கள் எழுத வேண்டாம் என்று விட்டதை நான் எழுதுகிறேன். அறுபத்தொன்றில் நானும் வீட்டுக்குள் இருந்தேன், ஜன்னலில். அல்பினாவை மடியில் கொடுத்திருந்தீர்கள். சந்தாலியோவின் அம்மா சட்டியோடு காலை இழுத்து இழுத்து வந்தார்கள். வீட்டைவிடச் சாப்பாடு கனம் குறைச்சலாக இருக்கிறதே என்று என்னவோ கேலி பேசினார்கள். நீங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள், "இவங்க வீட்டுல மாடு மட்டும்தான் நேரா நடக்கும்" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா சட்டியைத் தரையில் வைத்தார்கள். அதன் பிறகுதான் சந்தாலியோ நுகத்தைக் கழற்றினார்.

ஞாபகம் உங்களிடமிருந்து எனக்கு வந்ததுதான்.

முப்பத்தைந்து வருஷமாக நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் அல்பினா கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடம் வரும் என்று காத்திருப்பேன். வராது. பொத்தான் வரும், உருளைக்கட்டை வரும், அது வராது. கேட்கப் பயம். ஏப்ரலில் நானே அவருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வீட்டில் பிறந்தவள் நானும்தானே, எனக்கும் கேட்க வாய் உண்டு. உங்களுக்குப் பயந்து எழுதவில்லை. அவர் வேலி வரை நீங்கள் போகாத முந்நூறு சொச்சம் அடியைப் போல, நான் எழுதாத ஒரு வரி.

இதை யாருக்கும் கணக்குத் தீர்க்க எழுதவில்லை. டிசம்பர் 20 படகில் வருகிறேன். திரும்பிப் போவதாக இல்லை.

நெல்டா


கீழ்க்கரை
1 டிசம்பர் 1996

நெல்டாவுக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. படுக்கைக்கு உன் பழைய மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

முந்நூறு சொச்சம் என்று எழுதியிருந்தாய். நோர்மா சொல்லியிருப்பாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்குப் போகும்போது எண்ணிக்கொண்டே போனேன். மருந்தகத்து வாசலிலிருந்து நம் வாசலுக்கு இப்போது பதினொரு அடி. காலையிலும் மாலையிலும் நோர்மாவின் செருப்புச் சத்தத்தை எண்ணுகிறேன். மழை பெய்தாலும் பதினொன்றுதான்.

சந்தாலியோவிடம் ஞாபகம் இல்லை என்று சொன்னேன். உனக்கும் அப்படியே எழுதினேன். பொய். ஒரு நாள்கூட அது எனக்கு மறந்ததில்லை. அவன் போனதை மன்னிக்காமல் இருந்தால்தான் நான் சொன்னதை நினைக்காமல் இருக்க முடிந்தது. ஏப்ரலில் அவன் வேலிப் பக்கம் பார்த்தேனே, அப்போது கேட்க வாய் வந்தது. கேட்டால் முதலில் அவன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. கதவைத் தாழிட்டேன். அதற்கு விலை லுஸ்மிலாவின் கை.

போன ஞாயிறு அவனிடம் போய் இதைச் சொன்னேன். மாத்தே கொடுத்தான். குடித்தேன். 

லுஸ்மிலா போன வாரம் இடது கையை எடுத்தாள். ஜன்னல் பக்கமிருந்து, கடைசிப் பலகையிலிருந்து தொடங்குகிறாள். கீழே வந்து மாடுகள் வீட்டின் வாசல் மூலையைத் திருப்பும்போது முதல் பலகை பிளந்துவிட்டது, போன மாதம் அதை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். அவள் அதைத் தொட மாட்டேன் என்கிறாள். நாற்பத்தைந்தில் நின்றுவிடுகிறாள். "ஆச்சு" வரவில்லை. இன்னும் இரண்டு பேர்தான் பிடித்துக்கொள்கிறோம்.

பழைய பலகையை நான் எரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிளவை ஒட்ட முடியுமா என்று சந்தாலியோவைக் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றான்.

வரும்போது மூன்று முறை தட்டு. பேரைச் சொல். ஆறு வருஷம் ஆகிவிட்டதே, தெரியுமோ என்று பயப்படாதே. பேரைச் சொல்லிவிட்டு வாசலிலேயே நில், அவள் திரும்பிப் பார்க்கும் வரை. எவ்வளவு நேரமானாலும் நில்.

அம்மா